வாய், மூக்கு, வாசல்
வீட்டுக் காப்பு மூலிகைகளை வைத்துக்கொள்ளும் முறை

மாந்திரீகம் என்ற சொல்லைக் கேட்டதும் மண்டை ஓடும், மையும், நள்ளிரவுச் சுடுகாடும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அது சினிமா செய்த வேலை. உண்மையில் நம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்ன மாந்திரீகம் அமைதியாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. குழந்தைக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறோம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறோம். கல்யாணம் ஆகி வந்தவர்களுக்கு ஆரத்தி கரைக்கிறோம். தொட்டிலில் வசம்பு கட்டுகிறோம். வசியம், மோகனம் என்று அடுக்கிச் சொல்லப்படும் அட்ட கருமங்கள் மந்திரவாதிகளின் பாடு. நமக்கு வேண்டியது காப்பு ஒன்றே.

இந்தக் காப்புக்கு வேண்டிய சாமான்களை நம்மில் பெரும்பாலோர் எப்படி வைத்திருக்கிறோம்? ஊரிலிருந்து வரும்போது அம்மாவோ மாமியாரோ கட்டிக் கொடுத்த பொட்டலங்கள், ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. எது கடுக்காய், எது மாசிக்காய், எது குழந்தைக்கு, எது நிலைப்படிக்கு என்பது அவற்றைக் கட்டிக் கொடுத்தவருக்குத்தான் தெரியும். அவர் இருக்கும்வரை கவலையில்லை. அவர் காலத்துக்குப் பிறகு அந்த டப்பா பேசாது. தில்லியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையிலும், மாமியாரின் டப்பாவைப் பெற்றுக்கொண்ட மருமகள் என்ற முறையிலும், இவற்றை ஒழுங்குபடுத்த நான் கைக்கொண்டிருக்கும் வழியை இங்கே சொல்கிறேன்.

நம்பிக்கை உண்டா, இல்லையா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. இரண்டு கட்சிக்காரர்களின் வீட்டிலும் இந்தச் சாமான்கள் இருக்கின்றன. குழந்தைகளும் இருக்கிறார்கள். ஆகவே ஒழுங்கு இருவருக்குமே தேவை.

பழையது, ஆனால் மாறாததல்ல

இந்த வழக்கம் மிகப் பழையது. புறநானூற்றின் 281ஆம் பாட்டு, போரில் புண்பட்ட வீரனைக் காக்கும் காட்சியைச் சொல்கிறது. வீட்டில் வேம்பின் தழையைச் செருகுகிறார்கள். ஐயவி எனப்படும் வெண்சிறு கடுகைச் சிதறுகிறார்கள். மணியடித்து, பாட்டுப் பாடி, நறும்புகை போடுகிறார்கள். இன்று நம் வீட்டில் வேப்பிலை செருகி வெண்கடுகுப் புகை போடுவது அதே கை வேலைதான்.

ஆனால், "எல்லாம் ஆதிகாலத்திலிருந்து இப்படியேதான்" என்று சொல்லிவிடவும் முடியாது. சுற்றிப் போடும்போது நாம் எடுத்துக்கொள்ளும் மிளகாயையே பாருங்கள். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498இல் போர்ச்சுகீசியர் கப்பலில் வந்து இறங்கிய பிறகுதான் இந்த நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் நம் பாட்டிகளின் பாட்டிகள் அதை வைத்துச் சுற்றியிருக்க முடியாது. வந்த பொருளை வழக்கம் ஏற்றுக்கொண்டது. எனவே, காலத்துக்கும் ஊருக்கும் ஏற்றபடி டப்பாவை மாற்றி அடுக்கினால் தெய்வக் குற்றம் ஒன்றும் வந்துவிடாது.

எப்படிப் பிரிப்பது?

நோய்வாரியாகப் பிரிப்பது ஒரு வழி. சளிக்கு, வயிற்றுக்கு, திருஷ்டிக்கு என்று. அதில் தொல்லை என்னவென்றால், ஒரே பொருள் மூன்று இடத்திலும் வரும். அகரவரிசையில் அடுக்குவது இன்னொரு வழி. அதில் எருக்கும் ஏலக்காயும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். அது ஆபத்து.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பொருள் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது? வாய்க்கா, மூக்குக்கா, வாசலுக்கா? உண்பவை வாய். புகைப்பவையும் முகர்பவையும் மூக்கு. கட்டுபவை, தொங்கவிடுபவை, சுற்றி எறிபவை எல்லாம் வாசல். மூன்றுக்கும் மூன்று பெட்டிகள்; அவையும் மூன்று வெவ்வேறு இடங்களில்.

இதற்கு ஒரே விதி. வாயிலிருந்து வாசலுக்குப் போகலாம். வாசலிலிருந்து வாய்க்குத் திரும்பக் கூடாது. சமையல் கடுகை எடுத்துச் சுற்றிப் போடலாம். பூசைக்கென்று வாங்கிய கடுகைத் தாளிக்கக் கூடாது. வேம்பு, மஞ்சள் போன்றவை மூன்று இடத்துக்கும் வேண்டியவைதான். அவற்றை மூன்று பாட்டில்களில் தனித்தனியே வைத்துவிடுங்கள். செலவு சில ரூபாய்தான்.

வாய்ப் பெட்டி

சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், அதிமதுரம், சித்தரத்தை, கடுக்காய், ஜாதிக்காய் ஆகியவை இதில் அடங்கும். சமையலறையில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கலாம்.

இதில் எல்லா வீடுகளிலும் சண்டை வருவது வசம்பினால்தான். பிள்ளை வளர்ப்பான் என்று அதற்கு ஒரு செல்லப் பெயர். கைக்குழந்தைக்கு உரை மருந்தில் அதை இழைத்துப் புகட்டுவது நம் வழக்கம். எனக்குப் பேரன் பிறந்தபோது, வசம்பை உரைக்க நான் கல்லை எடுத்து வைத்தேன். "கொஞ்சம் இருங்கள் அம்மா" என்றாள் என் மருமகள். குழந்தை மருத்துவர் ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கூடாது என்று அவளிடம் சொல்லியிருந்தார். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும் அதுவே. வசம்பில் ஆசரோன் என்றொரு பொருள் இருக்கிறது. நம் நாட்டு வசம்பில் அது அதிகம். எலிகளிடம் செய்த சோதனைகளில் அது புற்றுநோயை உண்டாக்கியது. இதனால் அமெரிக்க அரசு 1968லேயே வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடைசெய்துவிட்டது.

ஆகவே எங்கள் வீட்டில் வசம்பு வாய்ப் பெட்டியிலிருந்து வாசல் பெட்டிக்கு இடம் மாறியது. கருப்புக் கயிற்றில் கோத்துத் தொட்டிலின் மேல்கட்டையில், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டினோம். குழந்தையின் மணிக்கட்டில் கட்டுவதை விட்டுவிட்டோம். கை எங்கே போகும் என்பது பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்; நேரே வாய்க்குத்தான். காப்பும் நின்றது, மருத்துவர் சொல்லும் நின்றது. மாமியாரும் மருமகளும் ஒரே தொட்டிலை ஆட்டினோம்.

மூக்குப் பெட்டி

சாம்பிராணி, குங்கிலியம், வெண்கடுகு, நொச்சி, காய்ந்த வேப்பிலை, வெட்டிவேர், கற்பூரம். இவை பூசை அலமாரியில் இருக்கட்டும்.

கற்பூரத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். பச்சைக் கற்பூரம் வேறு, ஆரத்திக் கற்பூரம் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் சர்க்கரைப் பொங்கலுக்குக் கை தவறி மற்றதைப் போட்டுவிடக் கூடாது. அதைவிட முக்கியம், சிறு குழந்தைகள் கற்பூர வில்லையை மிட்டாய் என்று எண்ணி விழுங்கினால் சிறிது நேரத்திலேயே வலிப்பு வரும். விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்கவைக்க முயலாமல் நேரே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கற்பூர டப்பா உயரமான தட்டில், இறுக்கமான மூடியோடு இருக்கட்டும்.

அடுத்தது புகை. நம் ஊர் வீடுகளில் முற்றம் இருந்தது, ஓட்டு இடுக்கு இருந்தது. புகை உள்ளே வந்து வெளியேறியது. தில்லி அடுக்குமாடி வீட்டில் ஜனவரிக் குளிருக்குச் சன்னல்களை அடைத்துவிட்டுக் கரி நெருப்பில் சாம்பிராணி போடுவது வேறு காரியம். மூடிய அறையில் அங்கீட்டி வைத்துத் தூங்கி உயிரிழந்தவர்களைப் பற்றி இந்நகரத்துப் பத்திரிகைகளில் குளிர்காலந்தோறும் படிக்கிறோம். கரியிலிருந்து வரும் அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சாம்பிராணி வாசனை அதை விரட்டாது. எனவே ஒரு சன்னலைத் திறந்து வையுங்கள். இரண்டு தணல் போதும். புகை போட்டபின் தூபக்காலை பால்கனிக்கு எடுத்துச் சென்று நீர் தெளித்து அணைத்துவிடுங்கள். ஆஸ்துமாக்காரர் வீட்டில் இருந்தால் புகையே வேண்டாம். வெட்டிவேரை ஒரு துணியில் முடிந்து தொங்கவிட்டால் அதுவும் மணம்தான்.

வாசல் பெட்டி

வசம்பு, படிகாரம், ஆகாசக் கருடன் கிழங்கு, வெள்ளெருக்கு வேர், குன்றிமணி, சுற்றிப் போட வைத்திருக்கும் உப்பு, மிளகாய், கடுகு. இது பூட்டிவைக்க வேண்டிய பெட்டி. சமையலறையில் இதற்கு இடமே கிடையாது.

ஏன் என்று பாருங்கள். படிகாரமும் கல்கண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். குன்றிமணி களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகும் அழகு விதை. ஆனால் உள்ளே இருப்பது கடும் நஞ்சு. தோடு உடைந்த விதையை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எருக்கின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு. பிள்ளையாருக்கு எருக்க மாலை கட்டியவர்கள் கைகழுவாமல் கண்ணைத் தேய்க்கக் கூடாது. சிவராத்திரிக்குத் தில்லித் தெருக்களில் கூடைகூடையாக விற்கிற ஊமத்தங்காயும் அப்படியே. அது சிவனுக்குத்தான், நமக்கு அல்ல. பூசை முடிந்ததும் காகிதத்தில் சுற்றி அகற்றிவிட வேண்டும்.

வாசல் பொருள்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அவை பிறருக்குச் செய்தி சொல்லும். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால், "உள்ளே வராதீர்கள்" என்று ஊருக்கே அறிவித்ததாகும். பெரியம்மை இந்தியாவில் 1975க்குப் பிறகு இல்லை. சின்னம்மை இன்றும் வருகிறது. ஆனால் இங்கே நம் வாசல் வேப்பிலையைப் பார்க்கும் பஞ்சாபி அண்டை வீட்டாருக்கு அதன் பொருள் புரியாது. அவர்கள் குழந்தை வழக்கம்போல் விளையாட வந்துவிடும். ஆகவே வேப்பிலையோடு ஒரு வார்த்தை வாயாலும் சொல்லிவிடுங்கள். அவர்களுடைய செய்தியை நாமும் தெரிந்துகொள்வோம்: சனிக்கிழமைதோறும் கடைகளில் புதிதாகத் தொங்கும் ஒரு எலுமிச்சையும் ஏழு பச்சைமிளகாயும் நம் திருஷ்டிக் கயிற்றின் வடக்கத்திய உறவு.

ஆரத்தி நீர் சிவப்பது மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்வதால். மஞ்சளின் நிறப்பொருள் காரத்தில் சிவக்கும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் மஞ்சள் தாளை வைத்து நான் காட்டிய பாடம் அதுவே. அந்த நீரைப் பொதுப் படிக்கட்டில் கொட்டினால் யாராவது வழுக்கி விழுவார்கள். செடித் தொட்டியில் ஊற்றலாம். பூசணிக்காயை நடுச்சாலையில் உடைத்துவிட்டு வருவதும் அப்படித்தான். நம் திருஷ்டி கழிய, ஸ்கூட்டரில் வருபவர் விழ வேண்டுமா?

பெயர்தான் பாதி மருந்து

ஊரில் நாட்டு மருந்துக் கடையில் தமிழ்ப் பெயர் சொல்லி வாங்கினோம். இங்கே பதேபுரி மசூதிக்குப் பக்கத்தில் காரி பாவ்லி இருக்கிறது. கிடைக்காத சரக்கு அநேகமாக இல்லை; கேட்கத் தெரிய வேண்டும். வசம்பு என்றால் பச். சுக்கு சோண்ட், அதிமதுரம் முலேட்டி, கடுக்காய் ஹரட், ஜாதிக்காய் ஜாய்பல், மாசிக்காய் மாஜூபல், சித்தரத்தை குலஞ்சன், சாம்பிராணி லோபான், குங்கிலியம் ரால், படிகாரம் பிட்கரி.

நாமாக மொழிபெயர்த்துக் கேட்டால்தான் வம்பு. கருஞ்சீரகத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றி "காலா ஜீரா" என்று கேட்டால் கடைக்காரர் வேறொரு சீரகத்தைத் தருவார். நமக்கு வேண்டியது கலோஞ்சி. நர்சரியில் அஜ்வாயின் செடி என்று விற்பது நம் கற்பூரவல்லி. ஓம விதை தருவது முற்றிலும் வேறு செடி. வெண்கடுகுக்குப் பீலி சர்சோ என்று கேளுங்கள்.

கடுகு என்றதும் தில்லிவாசிகளுக்கு 1998ஆம் ஆண்டு நினைவுக்கு வர வேண்டும். அந்த ஆண்டு கடுகெண்ணெயில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்ததால், உடல் வீங்கும் நோய் பரவி 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிரமதண்டு விதை கருங்கடுகைப் போலவே இருக்கும். கையில் வைத்து உற்றுப் பார்த்தால் கடுகு வழவழப்பாகவும் பிரமதண்டு மேடுபள்ளமாகவும் தெரியும். பழைய வைத்தியர்கள் மூலிகை பிடுங்கப் போகும்போது காப்புக் கட்டி, சாப நிவர்த்தி சொல்லி, பொழுதைப் பார்த்துப் பிடுங்கினார்கள். அந்தச் சடங்கு ஒன்றை உறுதிசெய்தது என்பது என் எண்ணம்: செடியின் முன் நிதானமாக நின்று, அது எந்தச் செடி என்று பார்க்காமல் யாரும் கைவைக்கவில்லை.

பாட்டிலும் சீட்டும்

கண்ணாடி பாட்டில், இறுகிய மூடி, வெயில் படாத அலமாரி: இவ்வளவே தேவை. இலைகளை நிழலில் காயவையுங்கள். வெயிலில் மணம் போய்விடும். வேரையும் கிழங்கையும் வெயிலிலேயே காயவைக்கலாம். இலைகளை ஓராண்டுக்கு மேல் வைக்காதீர்கள். வேரும் விதையும் முழுசாக இருந்தால் இரண்டாண்டு தாங்கும். பொடித்தால் சில மாதங்களே. ஜூலை முதல் செப்டம்பர் வரை தில்லியின் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். மழைக்கு முன்பு ஒருமுறையும் பின்பு ஒருமுறையும் எல்லாவற்றையும் கொட்டிப் பாருங்கள். சுக்கில் பொட்டுப்பொட்டாகத் துளை தெரிந்தால் வண்டு புகுந்துவிட்டது என்று பொருள், தூர எறியுங்கள்.

வண்டுக்கு மருந்தும் நம் பெட்டியிலேயே இருக்கிறது. தஞ்சை சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகளைப் பூச்சி அரிக்காமல் காக்க வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை ஆகியவற்றின் பொடியோடு கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைப்பார்கள். புத்தக அலமாரிக்கும் பட்டுப்புடவைப் பெட்டிக்கும் நான் வைப்பது அதே முடிச்சுதான். காத்துக் கருப்பை வசம்பு விரட்டுமோ என்னவோ, பூச்சியை விரட்டுவதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள். அதில் ஐந்து விவரம் போதும்:

1. தமிழ்ப் பெயர்
2. இங்கே கடையில் வழங்கும் பெயர்
3. எந்தப் பாகம்: வேரா, இலையா, விதையா, பிசினா
4. வாங்கிய மாதமும் ஆண்டும்
5. வாயா, மூக்கா, வாசலா

வாய்க்குப் பச்சை மை, மூக்குக்கு நீலம், வாசலுக்குச் சிவப்பு என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். தமிழ் படிக்கத் தெரியாத பேரக்குழந்தையும் வேலைக்கு வரும் பெண்ணும் சிவப்பைத் தொடக் கூடாது என்று தெரிந்துகொள்கிறார்கள். வசம்பை விளக்கு வைத்த பிறகு பெயர் சொல்லக் கூடாது என்று "பேர் சொல்லாதது" என்றே குறிப்பிடுவார்கள். அந்த மரியாதையை நானும் காக்கிறேன். ஆனால், சொல்லாவிட்டாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கடைசியாக ஒன்று. சுற்றிப் போட்ட பிறகும் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கவில்லையானால், மிளகாய் நெடி வந்ததா வரவில்லையா என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும். சுற்றிப் போடுவதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் தாயின் மனத்தை நிலைப்படுத்துகிறது என்றால் நல்லதுதான். அதற்குமேல் அதற்கு அவகாசம் தரக் கூடாது.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய டப்பாவை அவர்கள் முன் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திருநெல்வேலி வழக்கம் வேறாக இருக்கும், கொங்குநாட்டு வழக்கம் வேறாக இருக்கும். எழுதியதில் ஒரு படியை நம் மலருக்கும் அனுப்பிவையுங்கள். நான் இங்கே விட்டுவிட்ட வேர்கள் இன்னும் எத்தனையோ உண்டு.